கொங்கு மண்ணில் ரோமானியக் காசுகள்

பரீட்சைக்குப் படித்த சரித்திரத்தில் பாதி, பரீட்சை முடிந்த அன்றே மறந்துபோகும். இதில் நாம் யாரும் விதிவிலக்கு இல்லை. ஆனால் நம் காட்டிலும் ஆற்றிலும் கிடைக்கும் சரித்திரத்தை அப்படி விட்டுவிடலாமா? கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842, 1891, 1931 என மூன்று முறை ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல்கள் வெளிப்பட்டன. முதல் இரண்டிலும் ஐநூறுக்கு மேற்பட்ட காசுகள்! 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த தங்கக்காசுகள் 501.

ரோமாபுரிக் காசுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். முசிறியில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டைக் கடந்து கரூர் வந்தது. மிளகு, முத்து, படியூர்ப் பச்சைக்கல் ஆகியவற்றுக்கு அங்கே அவ்வளவு கிராக்கி. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் போகிறதே என்று முதல் நூற்றாண்டில் பிளினி புலம்பியிருக்கிறார்.

சரி, கையில் ஒரு காசு கிடைத்தால் ரோமானியக் காசு என்று எப்படிக் கண்டுகொள்வது? முதலில் எடை. தங்கக்காசான 'ஆரியஸ்' நம் ஒரு பவுனுக்குச் சற்றே குறைவு. வெள்ளிக்காசான 'டினாரியஸ்' ஏறத்தாழ நாலு கிராம். அடுத்து முகம். இங்கே அதிகம் கிடைக்கும் வெள்ளிக்காசுகள் அகஸ்டஸ், டைபீரியஸ் இருவருடையவை. பின்புறத்தில் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு இளைஞர்கள் நின்றால் அகஸ்டஸ் காசு. அவர்கள் அவனுடைய பேரப்பிள்ளைகள். செங்கோலும் கிளையும் ஏந்திய பெண் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் டைபீரியஸ் காசு. ஓரத்து எழுத்தைப் படிக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: 'யு' வரவேண்டிய இடத்தில் 'வி' எழுத்தையே பொறிப்பது ரோமர் வழக்கம்.

கி.பி. 64-இல் நீரோ டினாரியஸின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். நம்ம வியாபாரிகள் ஏமாறவில்லை போலும். அதற்குப் பிறகு அடித்த வெள்ளிக்காசுகள் இங்கே குறைவாகத்தான் கிடைக்கின்றன. புதுக்கோட்டைத் தங்கக்காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னனின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருக்கிறது. மறுபடி நாணயமாகச் செல்லக்கூடாது என்று வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. தங்கத்தைச் சோதிக்க வெட்டினார்கள் என்பது இன்னொரு கருத்து.

கரூர் அமராவதி ஆற்றிலும் மதுரை வைகையிலும் கிடைப்பவை வேறு ரகம். நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுச் சிறிய செப்புக்காசுகள். சிலுவை, மாலை வளையம், நிற்கும் மூன்று பேரரசர்கள் என்று பின்புறச் சித்திரத்தை வைத்தே காலத்தைச் சொல்லிவிடலாம். பார்க்க அழுக்குச் செம்பு மாதிரி இருப்பதால் எத்தனையோ காசுகள் பாத்திரக் கடை உலைக்குப் போயின. அதே கரூரில் கிடைத்த ஒரு சின்ன வெள்ளிக்காசைத்தான், 'மாக்கோதை' என்ற தமிழ் பிராமி எழுத்தைப் படித்துச் சேரர் காசு என்று வெளியிட்டார், தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. அதிலுள்ள தலை ரோமானியக் காசின் சாயலில் இருப்பதை அறிஞர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். யாராவது அதை உருக்கியிருந்தால், ஒரு சேரனின் பெயர் பொறித்த சான்று போயிருக்கும்.

இளைய மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய காசு கிடைத்ததும் புளி போட்டுப் பளபளவென்று தேய்க்காதீர்கள். களிம்போடு எழுத்தும் போய்விடும். விலைக்கு வருவதில் போலியும் உண்டு. ரோமர் காசை அச்சில் அடித்தார்கள், வார்க்கவில்லை. ஓரத்தில் வார்ப்பின் ஒட்டுக்கோடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், காசு எந்த ஊரில், எந்த இடத்தில், எதனோடு கிடைத்தது என்ற விவரம். ராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் ரோமானியச் செப்புக்காசுகள் அகழாய்வில் கிடைத்ததால்தான், நான்காம் நூற்றாண்டிலும் அங்கே கடல் வாணிகம் நடந்தது என்று சொல்ல முடிந்தது. அதே காசு சந்தையில் கைமாறியிருந்தால், ஆல்பத்தில் ஒட்டிவைக்கும் ஒரு செப்புத் துண்டு, அவ்வளவுதான்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. "நம்ம தோட்டத்துல கிடைச்சது, நமக்கு இல்லையா?" என்பார்கள். சேமிப்பவருக்கும் சட்டம் உண்டு என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

நம்மில் பலர் வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்துக் காசு ஒன்றிரண்டு இருக்கலாம். அது எங்கே கிடைத்தது என்று தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றால், இந்த விடுமுறையிலேயே கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, காசோடு சேர்த்து வையுங்கள். பிறகு அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். பெரியவர்கள் போய்விட்டால் அந்த விவரத்தை எந்தப் புத்தகத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.