மின்வெட்டுக் காலத்து மடிக்கணினி: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதியில் ஒரு கருவியின் வரலாறு

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு முதல் மடிக்கணினி கடையிலிருந்து வரவில்லை. பிள்ளை படித்த பள்ளியிலிருந்து, அரசின் ஒப்பந்தப்புள்ளி வழியாக வந்தது. ஒப்பந்தப்புள்ளி என்பது, தேவைப்படும் பொருள் எத்தகையதாக இருக்க வேண்டும் என்ற விவரக்குறிப்பை அரசு முதலில் வெளியிட்டு, அதற்கு விலை கூறும் நிறுவனங்களிடமிருந்து மொத்தமாகக் கொள்முதல் செய்யும் முறையாகும். ஆகவே விலை, எடை, திரையின் அளவு, பேட்டரி தாங்கும் நேரம் ஆகியவற்றுள் எதைக் கூட்டுவது, எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவு, கருவியைச் சுமக்கப்போகும் மாணவரிடம் இல்லாமல், சென்னையில் எழுதப்பட்ட ஒரு பட்டியலில் அடங்கியிருந்தது. அப்பட்டியல் எழுதப்பட்ட ஆண்டுகளே தமிழ்நாட்டின் மிகக் கடுமையான மின்வெட்டு ஆண்டுகளாகவும் அமைந்தமையால், விலை மலிவான சிறு மடிக்கணினியின் வரலாற்றை இப்பகுதியில் மின்சாரத்தின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

இந்த வட்டாரம் இரு வேறு நிலங்களால் ஆனது. கோமுகி ஆற்றுப் பாசனமும் கரும்பும் மரவள்ளியும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளும் கொண்ட சமவெளி ஒன்று. அதன் மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக எழும் கல்வராயன் மலை மற்றொன்று. சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் அமைந்த கள்ளக்குறிச்சி நகரம், 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும், பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. மலையின் வரலாறோ வேறு. மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர் வாழும் இம்மலைப்பகுதி சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்தது; ஜாகிர் என்பது நிலவரியைத் திரட்டி அனுபவிக்கும் உரிமையோடு கூடிய பகுதியைக் குறிக்கும். அந்த உரிமை 1976இல்தான் முடிவுக்கு வந்தது. சமவெளியில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிலைபெற்றுவிட்ட வருவாய்த்துறை நிருவாகமும் அதைத் தொடர்ந்து வரும் சாலை, பள்ளி, மின்கம்பம் ஆகியவையும் மலைக்குப் பிந்தியே சென்று சேர்ந்தமைக்கு இதுவும் ஒரு முதன்மையான காரணம்.

சிறிய, நெடுநேரம் உழைக்கும் கணினி என்ற கருத்து மடிக்கணினியின் தொடக்கக் காலத்திலேயே தோன்றிவிட்டது. 1980களின் முற்பகுதியில் ஜப்பானின் எப்சன் நிறுவனம் வெளியிட்ட எச்எக்ஸ்-20, ஏறத்தாழ ஒரு தாளின் அளவே கொண்டது; திரை சில வரிகளை மட்டுமே காட்டியது; ஆனால் ஒரு முறை சார்ஜ் செய்தால் பல பத்து மணி நேரம் இயங்கியது. 1983இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100, டார்ச் விளக்குக்குப் போடும் வகையைச் சேர்ந்த நான்கு சிறிய பேட்டரிகளில் ஏறக்குறைய இருபது மணி நேரம் ஓடியது. வண்ணத் திரையும், திரைக்குப் பின்னிருந்து ஒளியூட்டும் விளக்கும், சுழலும் வன்தட்டும், வேகமான செயலியும் சேர்ந்தபின் அந்த நீண்ட நேரம் கரைந்து இரண்டு மூன்று மணியாகச் சுருங்கிற்று. 1991இல் சோனி நிறுவனம் வணிகமுறையில் வெளியிட்ட லித்தியம் அயனி மின்கலம், எடையைக் கூட்டாமல் கூடுதல் ஆற்றலைச் சேமிக்க வழிசெய்தபோதிலும், கூடிய ஆற்றலைக் கூடிய வேகமே தின்றுவிட்டது.

இதன் கணக்கு எளிது. பேட்டரியில் சேமிக்கக்கூடிய ஆற்றல் வாட்-மணி என்ற அலகால் அளக்கப்படுகிறது. அதைக் கணினி சராசரியாக இழுக்கும் வாட் அளவால் வகுத்தால் அது தாங்கும் மணி நேரம் கிடைக்கும். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடுத்தர மடிக்கணினிகளில் பொதுவாக இருந்த ஆறு மின்கலப் பேட்டரி ஏறத்தாழ 48 வாட்-மணி கொண்டது; கணினி 15 வாட் இழுத்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலாகவும், 7 வாட் மட்டும் இழுத்தால் ஏழு மணி நேரத்துக்கு அருகிலும் அது தாங்கும். எனவே பேட்டரியைப் பெரிதாக்காமலே நேரத்தைக் கூட்ட விரும்புவோர் திரையைச் சிறிதாக்க வேண்டும், அல்லது குறைந்த மின்சாரத்தில் இயங்கும் செயலியைத் தேட வேண்டும்.

இந்த இரு வழிகளையும் உலகம் முழுவதும் பேசுபொருளாக்கியது, அமெரிக்காவின் நிக்கோலஸ் நெக்ரோபான்ட்டி 2005இல் முன்வைத்த நூறு டாலர் மடிக்கணினித் திட்டம். மின்சாரம் எட்டாத ஊர்களின் பிள்ளைகளுக்கென வகுக்கப்பட்ட அக்கருவியின் முதல் மாதிரியில், கையால் சுற்றி மின்சாரம் உண்டாக்கும் ஒரு பிடி இருந்தது. 2007இல் உற்பத்திக்கு வந்தபோது அந்தப் பிடி நீங்கியிருந்தது. விலையும் இருநூறு டாலரை நெருங்கியிருந்தது. ஆயினும் வெயிலில் படிக்கக்கூடிய ஏழரை அங்குலத் திரையும் மிகக் குறைந்த மின்நுகர்வும் அதன் உண்மையான சாதனைகளாக நிலைத்தன. இந்திய அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2006இலேயே இத்திட்டத்தை ஏற்க மறுத்துவிட்டது. அதே 2007இல் தைவானின் ஆசஸ் நிறுவனம் ஏழு அங்குலத் திரையும் லினக்ஸ் இயங்குதளமும் கொண்ட ஈ பிசி என்ற கருவியை வெளியிட, மறு ஆண்டு இன்டெல்லின் ஆட்டம் என்ற சிக்கனச் செயலி வந்து சேர, நெட்புக் எனப்படும் குறுங்கணினி வகை பிறந்தது. இந்தியாவில் எச்சிஎல் நிறுவனம் 2008இன் தொடக்கத்தில் ₹14,000க்கும் குறைவான தொடக்க விலையில் மைலீப் என்ற வரிசையை அறிமுகப்படுத்தியது. எச்சிஎல், ஏசர், லெனோவோ ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் புதுச்சேரியில் கணினித் தொழிற்சாலைகள் இருந்தன என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. விழுப்புரம் மாவட்டத்தின் அண்டையிலேயே மலிவுக் கணினிகள் பொருத்தப்பட்டு வந்தன.

குறுங்கணினிகள் சந்தைக்கு வந்த அதே 2008இல் தமிழ்நாட்டின் மின் தட்டுப்பாடும் தொடங்கியது. தேவை விரைந்து பெருக, புதிய அனல்மின் நிலையங்கள் காலந்தாழ, மின்வாரியத்தின் நிதிநிலை நலிய, காற்றாலைகளோ காற்றுக் காலத்தில் மட்டும் கைகொடுக்க, 2012இல் நெருக்கடி உச்சத்தை எட்டியது. சென்னையில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாக இருந்த அறிவிக்கப்பட்ட மின்வெட்டு, பிற மாவட்டங்களில் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. பல ஊர்களில் ஒரு மணி நேரம் மின்சாரமும் ஒரு மணி நேரம் வெட்டும் மாறிமாறி வந்தன. முழுமையாகச் சார்ஜ் ஏற இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும் ஒரு பேட்டரிக்கு, இத்தகைய துண்டு துண்டான மின்சாரம் அரைகுறை நிரப்பலை மட்டுமே தரக்கூடியது. இன்வெர்ட்டர் வாங்க வசதியுள்ள வீட்டில் மின்வெட்டு ஒரு தொல்லையாக நின்றது. இல்லாத வீட்டிலோ, கணினி எத்தனை மணி நேரம் பயன்படும் என்பதையே அது தீர்மானித்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் அலகு 2013 அக்டோபரில் மின்தொகுப்பில் இணைக்கப்பட்டதும், அதையொட்டிய ஆண்டுகளில் புதிய அனல்மின் அலகுகள் இயங்கத் தொடங்கியதும் இந்நிலையைப் படிப்படியாக மாற்றின.

இந்த நெருக்கடியின் நடுவில்தான், 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு மற்றும் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளிகள், கலை அறிவியல் கல்லூரிகள், பொறியியல் கல்லூரிகள், பல்தொழில்நுட்பக் கல்லூரிகள் ஆகியவற்றின் மாணவர்களுக்கு ஐந்தாண்டுகளில் 68 லட்சம் கணினிகள் வழங்க ₹10,200 கோடி ஆகும் எனத் திட்டமிடப்பட்டது. அதாவது ஒரு கணினிக்குச் சராசரியாக ₹15,000. தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட் கொள்முதலை நடத்தியது. முதற்கட்டக் கருவி 14 அங்குலத் திரை, 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வன்தட்டு ஆகியவற்றைக் கொண்டது. விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் நிறுவப்பட்டிருந்தது. ஏசர், எச்சிஎல், லெனோவோ முதலிய நிறுவனங்கள் கருவிகளை வழங்கின.

இந்த விவரக்குறிப்பில் அரசு செய்த தெரிவு தெளிவாகத் தெரிகிறது. ₹15,000 என்ற விலை குறுங்கணினியின் விலை. 14 அங்குலமோ முழு அளவு மடிக்கணினியின் திரை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கும் பொறியியல் மாணவருக்கும் ஒரே கருவி பொருந்த வேண்டும் என்ற தேவையும், 600 புள்ளி வரிசை உயரமே கொண்ட குறுங்கணினித் திரைகளில் பல மென்பொருள்களின் பக்கங்கள் முழுமையாக அடங்காமையும் இத்தெரிவுக்கு வலுச் சேர்த்திருக்கும் எனக் கொள்ளலாம். மூன்றே வாரங்களில், 2011 அக்டோபர் 5 அன்று, மத்திய அரசு எதிர்த்திசையில் சென்று, ஏழு அங்குலத் திரை கொண்ட ஆகாஷ் கைக்கணினியை வெளியிட்டது. அதன் கொள்முதல் விலை ஏறத்தாழ ஐம்பது டாலர், பேட்டரியோ இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காதது, செயலியும் மந்தமானது. அளவில் சுருங்கிய கருவி பேட்டரியில் மிகவில்லை என்பதையும், மலிவு ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் திரையின் அளவு, பேட்டரி நேரம், வேகம் ஆகிய மூன்று நலன்களும் ஒருசேர இழக்கப்படும் என்பதையும் ஆகாஷ் காட்டியது. தமிழ்நாட்டின் கருவியோ கனமானதாயினும், படிப்பு முடிந்தபின்னும் வேலைக்குதவும் கணினியாக நீடித்தது. பின்வந்த ஆண்டுகளையும் சேர்த்தால் இத்திட்டத்தில் வழங்கப்பட்டவை ஐம்பது லட்சத்தைத் தாண்டின.

மலையில் இக்கருவி சென்ற இடங்களில் முதன்மையானவை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், அதாவது மாணவர்கள் தங்கி உண்டு படிக்கும் பள்ளிகள். விடுதியில் ஒரு மின்செருகியைப் பலர் பகிர வேண்டியிருக்கும். விடுமுறையில் வீடு திரும்பும் மாணவர், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து சிற்றூர் வரை சுமையோடு நடக்க வேண்டியிருக்கும். பழுது நேர்ந்தால் மலைமேலுள்ள வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சமவெளிக்கு இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கோ அதற்கப்பாலோ செல்ல வேண்டியிருக்கும். லித்தியம் அயனி பேட்டரி ஏறத்தாழ 300 முதல் 500 முறை முழுமையாக நிரம்பித் தீர்ந்தபின் தன் கொள்ளளவில் குறிப்பிடத்தக்க பகுதியை இழக்கும். முற்றிலும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அதற்கும் முன்பே கெடும். பேட்டரி கெட்ட மடிக்கணினி, சமவெளி வீட்டில் மேசைக் கணினியாகத் தொடர்ந்து உழைக்கும். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் மலைச் சிற்றூரிலோ மின்தடை தொடங்கும் நொடியிலேயே அணைந்துபோகும். ஒரே விவரக்குறிப்பில் வாங்கப்பட்ட கருவி, நிலத்துக்கேற்ப இரு வேறு ஆயுளைப் பெற்றது.

மடிக்கணினி வழங்கல் 2020ஐ ஒட்டி நின்றுபோனது. அதே ஆண்டு கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் கல்வித் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் மாறியபோது, பேட்டரியோடு அலைபேசிச் சமிக்ஞையும் ஒரு நிபந்தனையாகச் சேர்ந்தது. சந்தை அதற்கு அளித்த விடைகளுள் ஒன்று, 2023இல் ரிலையன்ஸ் நிறுவனம் ₹16,499 விலையில் வெளியிட்ட ஜியோபுக்: 11.6 அங்குலத் திரை, 990 கிராம் எடை, சிம் அட்டை வழி 4ஜி இணைப்பு, எட்டு மணி நேரம் தாங்கும் என்று நிறுவனம் கூறிய பேட்டரி. கைப்பேசிக்குரிய சிக்கனச் செயலியால் இயன்ற இந்த நேரத்துக்கு ஈடாக, 64 ஜிபி சேமிப்பகமும், வழக்கமான விண்டோஸ் மென்பொருள்கள் இயங்காத இயங்குதளமும் ஏற்கப்பட வேண்டியிருந்தன. எட்டு மணி நேரப் பேட்டரியும் நான்காம் தலைமுறை இணைப்பும், கோபுரமும் சாலையும் இல்லாத சிற்றூரில் பாதிப் பயனே தரும் என்பதும் உண்மை. கள்ளக்குறிச்சியின் கருணாபுரம் பகுதியில் நேர்ந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின்னர், 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தபோது, அடிப்படை வசதிகளின் குறையே அதன் மையப்பொருளாயிற்று.

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்றும், அதற்கு ₹2,000 கோடி ஒதுக்கப்படுகிறது என்றும் அறிவித்தது. 2011ஐ விட இன்றைய தொழில்நுட்பம் இப்பகுதிக்கு உகந்தது: சுழலும் வன்தட்டின் இடத்தைத் திடநிலைச் சேமிப்பகம் பிடித்து மின்நுகர்வைக் குறைத்துள்ளது; ஆறு வாட் அளவிலான வெப்பவரம்புக்குள் அடங்கும் செயலிகள் எளிய பணிகளைத் தடையின்றிச் செய்கின்றன; கைப்பேசிக்குரிய சி வகைச் செருகியாலேயே பல மடிக்கணினிகளைச் சார்ஜ் செய்யலாம். மறுபுறம், பின்பக்கத் தாழ்ப்பாளைத் தள்ளிப் பேட்டரியைக் கழற்றி மாற்றும் பழைய வசதி மறைந்து, பேட்டரி உடலுக்குள் புதைக்கப்பட்டுவிட்டமையால், அதை மாற்றுவதற்கும் பழுதுபார்ப்பவரை நாட வேண்டியுள்ளது. பழைய திட்டத்தின் வரலாறு வாங்குவோர்க்கும் அரசுக்கும் ஒரே வரிசையைப் பரிந்துரைக்கிறது: முதலில் மின்சாரம் இல்லாமல் எத்தனை மணி நேரம் வேண்டும் என்று முடிவு செய்தல், அடுத்துப் பேட்டரியை எங்கே, என்ன செலவில் மாற்ற முடியும் என்று அறிதல், அதன் பின்னரே திரைக்கும் வேகத்துக்கும் மீதிப் பணத்தைப் பங்கிடுதல். தடையற்ற மின்சாரம் உள்ள நகரத்தில் இவ்வரிசை தலைகீழானாலும் இழப்பு சிறிதே. கல்வராயன் மலையில் அது, வழங்கப்பட்ட கருவி பயன்பாட்டில் இருக்கும் ஆண்டுகளையே குறைத்துவிடும்.