கல்லிலும் சொல்லிலும் நின்ற யாழ்

யாழ் என்னும் சொல்லை அறியாத தமிழ்க் குழந்தை ஈழத்தில் இல்லை. வடக்கே ஒரு பட்டினமே அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. கண்ணிழந்த பாணன் ஒருவன் யாழ் மீட்டி அரசனை மகிழ்வித்து, மணற்றிடரைப் பரிசிலாகப் பெற்றான் என்னும் கதையைப் பாட்டிமார் இன்றும் சொல்வர். ஆயினும் பாணர் கையில் இருந்த யாழ் ஒன்றேனும் இன்று எந்த அரும்பொருட் சாலையிலும் இல்லை. மரம் உளுத்தது; தோல் மக்கியது; நரம்பு அற்றது. எஞ்சியவை இரண்டே: கல்லில் கொத்திய உருவம், புலவர் வைத்துப்போன சொல்.

இவ்விரு சான்றுகளையும் கொண்டு யாழ் எத்தகைய கருவி என்று கூற முடியுமா? இக்கேள்வி கல்லடிவாசிகளாகிய நமக்குப் பிறர் வீட்டுக் கேள்வி அன்று. இதற்கு விடை தேடிப் பதினான்கு ஆண்டுகள் உழைத்த சுவாமி விபுலானந்த அடிகளாரின் சமாதி, நம் உப்போடையிலே, அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்து வளவிலே இருக்கின்றது.

நம் யாழைப் பற்றிப் பேசுமுன், மேனாட்டில் இவ்வாறே மறைந்து மீண்ட கருவி ஒன்றைப் பார்த்துவிடுதல் நன்று. அதன் பெயர் வியோலா ட காம்பா. காம்பா என்பது இத்தாலிய மொழியிற் காலைக் குறிக்கும். வயலினைப் போலத் தோளில் வையாமல், இரு கால்களுக்கும் இடையில் நிறுத்தி வில்லால் இசைப்பர். அதனால் வந்த பெயர். பெரும்பாலும் ஆறு நரம்புகள். கழுத்தைச் சுற்றி ஆட்டுக்குடல் நரம்பால் மெட்டுகள் கட்டப்பட்டிருக்கும். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் தேசத்திலும் இத்தாலியிலும் தோன்றி, முந்நூறு ஆண்டுகள் அரசர் அவைகளிலும் செல்வர் மனைகளிலும் வாழ்ந்தது. அதன் ஒலி மென்மையானது. பெரிய மண்டபங்களும் பெருங்கூட்டமும் வந்தபோது உரத்த குரலுடைய செலோவின் முன் அது நிற்க மாட்டாதாயிற்று. அதனை வாசிப்பதிற் புகழ்பெற்ற ஆபெல் என்பார் 1787இல் இலண்டனில் இறந்தபின், அக்கலையும் ஏறத்தாழ அவருடனே போயிற்று.

நூறு ஆண்டுகளின் பின் ஆர்னல்டு டொல்மெட்ச் என்பவர் அதனை எழுப்பினார். அவருக்குப் பழைய கருவிகளே கிடைத்தன. பழுதுபார்த்து நரம்பு கட்டினால் அவை பாடின. வாசிப்பு முறை கூறும் பழைய நூல்களும் இருந்தன. இவற்றோடு ஓவியங்களும் துணை நின்றன. ரபாயேல் வரைந்த புனித செசீலியாவின் காலடியிலே இக்கருவி கிடக்கிறது. வெரோனீஸ் 1563இல் முடித்த கானாவூர்க் கலியாண ஓவியத்தில், தண்ணீர் திராட்சரசமான அந்த விருந்தின் நடுவே, வாத்தியக்காரர் இதனை வாசிக்கின்றனர். ஏசுநாதர் காலத்துக் கலிலேயாவில் இத்தகைய கருவி ஏது என்று நாம் கேட்கலாம். ஓவியன் தன் ஊர்க் கலியாணத்தையே வேதக் கதைக்குள் கொண்டு வந்துவிட்டான். அதனாலேயே அவன் தன் காலத்துக்கு நல்ல சாட்சி.

எனினும் சாட்சி எப்போதும் மெய் பேசுவதில்லை. குரூனவால்டு என்ற ஜெர்மானிய ஓவியர், 1512க்கும் 1516க்கும் இடையில் ஈசன்ஹைம் மடத்துக்கு வரைந்த பீடத்து ஓவியத்தில், தேவதூதன் ஒருவன் இக்கருவியை வாசிக்கிறான். கருவி செவ்வையாகவே இருக்கிறது. வில்லை அவன் பற்றியிருக்கும் விதமோ வாசிப்பவர் எவரும் கொள்ளாத பிடி. தேவதூதருக்கு அது கைகூடும் போலும்! உண்மைக் கருவிகள் கையில் இருந்தபடியால், ஓவியன் எங்கே வழுவினான் என்று மேனாட்டாரால் சொல்ல முடிந்தது. யாழ் விடயத்தில் நமக்கு அந்த உரைகல் இல்லை.

சிற்பங்கள் நமக்குக் காட்டுவது யாது? கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பார்குத் சிற்பங்களிலும், அதன்பின் சாஞ்சியிலும், கிருஷ்ணை ஆற்றங்கரையில் உள்ள அமராவதியிலும் ஆடல் பாடற் காட்சிகள் பல உள. அவற்றிலே வாத்தியக்காரர் ஏந்தியிருப்பது தோணி போன்ற ஒரு குடம். அதன் ஒரு முனையிலிருந்து வில்லைப் போல வளைந்தெழும் ஒரு கோடு. குடத்துக்கும் கோட்டுக்கும் இடையே வெறுவெளியில் நரம்புகள். அமராவதிச் சிற்பங்களை இன்று சென்னை அரும்பொருட் காட்சிச்சாலையிலும் இலண்டனிலும் காணலாம். நான்காம் நூற்றாண்டிலே சமுத்திரகுப்தன் வெளியிட்ட பொற்காசு ஒன்றில், மன்னன் கட்டிலில் அமர்ந்து இத்தகைய கருவியையே மடியில் வைத்து மீட்டுகிறான். குவாலியருக்கு அண்மையிலுள்ள பவாயாவிற் கிடைத்த குப்தர் காலக் கல்லிலும், நடன மாதைச் சூழ்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி கையில் அது உண்டு.

வடநூலார் இதனை வீணை என்றே அழைத்தனர். குழப்பம் இங்கேதான் பிறந்தது. இன்று நாம் வீணை என்பது நேரான தண்டின்மேல் மெட்டு வைத்த கருவி. பெயர் ஒன்றாயிருத்தலின், பழைய வீணையும் அப்படியே இருந்திருக்கும் என்று பலர் எண்ணினர். கொழும்பிற் பிறந்து பொஸ்டன் நகரத்து அரும்பொருட் சாலையில் பணிபுரிந்த நம் ஆனந்த குமாரசுவாமி அவர்கள், 1930இல் வெளியான கட்டுரையொன்றில், பழைய நூல்களையும் சிற்பங்களையும் ஒப்புநோக்கி, அக்கால வீணை வில் வடிவானது என்று காட்டினார். ஈழத்துத் தமிழர் இருவர், ஒருவர் கல்லிலிருந்தும் மற்றவர் ஏட்டிலிருந்தும், ஒரே கருவியைத் தேடிச் சென்றமை எண்ணி மகிழத்தக்கது.

ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டின்பின் சிற்பிகள் வில் வடிவை மறக்கத் தொடங்கினர். தமிழ்நாட்டுக் கோயில்களிலே வீணை ஏந்திய சிவபிரான் மார்பிற் சார்த்தியிருப்பது சுரைக்குடம் பொருத்திய தண்டு. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் சிலவற்றில் கருவியே இல்லை. இறைவன் கைகள் மட்டும் இல்லாத வீணையை மீட்டுவன போல் நிற்கின்றன. காட்சிச்சாலைக்கு வருவோர் அக்கைகளை அபய முத்திரை என்று எண்ணிக் கும்பிட்டுப் போவதும் உண்டு.

கல் இவ்வளவே சொல்லும். நரம்புகளைத் தனித்தனியே கல்லில் நிறுத்தல் சிற்பிக்கு அரிது. தோல், ஆணி, கட்டு ஆகியவற்றைக் காட்டுவதும் அரிது. அங்கே புலவர் வருகின்றனர். கரிகாற் பெருவளத்தானைப் பாடிய பொருநராற்றுப்படையிலே முடத்தாமக் கண்ணியார் ஒரு யாழை உறுப்பு உறுப்பாக வரைந்து காட்டுகிறார். பத்தர் என்னும் குடம், மானின் குளம்பு அழுந்திய தடம்போல நடுவே உயர்ந்து இருபுறமும் தாழ்ந்தது. அதன்மேற் போர்த்த தோல் விளக்குச் சுடரின் நிறமுடையது. இரு தோல்கள் கூடும் தையல், இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்றிலே ஓடும் மெல்லிய மயிரொழுங்கை ஒத்தது. துளைகளை அடைத்த ஆணிகள், வளையில் வாழும் நண்டின் கண்கள். வாய், எட்டாம் நாட் பிறை. ஆனால் உள்நாக்கு இல்லாத வாய். கோடு, தலையெடுத்த பாம்பு. அக்கோட்டிலே வரிசையாக இறுக்கிய திவவுகள், கரிய பெண்ணின் முன்கையில் அணிந்த வளையல்கள்.

வாவிக் கரையிலே பிறந்தவர்க்கு அந்த நண்டின் கண்ணை விளக்க வேண்டியதில்லை. சேற்று வளையின் வாயிலில் கறுப்பாய், உருண்டையாய், சற்றே வெளியே துருத்தி நிற்கும் அந்தக் கண்ணைவிடத் துளையில் அறைந்த ஆணிக்கு ஏற்ற உவமை எங்கே கிடைக்கும்? இப்புலவர் கருவியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர். குரூனவால்டின் தேவதூதனைப்போல் மயங்கியவர் அல்லர்.

இனித் திவவு என்ற சொல்லுக்கு வருவோம். வழக்கின் முடிச்சு இதிலேதான் இருக்கிறது. திவவு என்பதற்கு நரம்புகளைக் கட்டும் வார்க்கட்டு என்று பழைய உரைகாரர் பொருள் கூறினர். பிற்காலத்தார் சிலர் அது மெட்டு என்றனர். வளையல் போன்ற கட்டு என்னும்போது, காம்பாவின் கழுத்தைச் சுற்றிய குடல்நரம்பு மெட்டுகளே நம் நினைவுக்கும் வருகின்றன. மெட்டு என்று கொண்டால் யாழ் வீணையின் இனமாகும். ஒரு நரம்பிலே பல சுரம் பிறக்கும். வார்க்கட்டு என்று கொண்டால் ஒரு நரம்புக்கு ஒரே சுரம். கருவி வேறு, இசை முறையும் வேறு. இவ்வொரு சொல்லின் பொருளை ஒட்டியே பழந்தமிழ் இசை பற்றிய நம் கருத்து முழுவதும் திரும்பும்.

தீர்ப்புச் சொல்ல இரு சாட்சிகள் உளர். ஒன்று கல். சிற்பங்களிலே வளைந்த கோடு நரம்புகளை விட்டு விலகி நிற்கிறது. விரலால் நரம்பை அழுத்த அங்கே தளம் இல்லை. மற்றது உயிருள்ள சாட்சி. பர்மா தேசத்தில் சௌங் என்னும் வில்யாழ் இன்றும் இசைக்கப்படுகிறது. தோணி போன்ற மரக்குடம், மான்தோல் போர்வை, பாம்புபோல் எழுந்து வளைந்த கோடு. அக்கோட்டைச் சுற்றிச் சிவந்த கயிறுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும்; அவற்றைத் திருகியே நரம்புக்குச் சுருதி கூட்டுவர். ஒருமுறை அதன் படத்தைப் பார்த்தவர், முன்கை வளையல் என்ற உவமையைப் பிறகு மறக்க மாட்டார். திவவு மெட்டன்று, வார்க்கட்டே என்பது என் துணிபு. செங்கோட்டியாழ் மட்டும் நேரிய கோடுடையது என்றும், அதுவே வீணைக்கு முன்னோடி என்றும் கூறுவாரும் உளர். அது தனியே ஆராயத்தக்கது.

அடிகளார் சென்ற வழி இன்னும் ஆழமானது. 1892இல் காரைதீவிற் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியிலும் பயின்று, விஞ்ஞானப் பட்டம் பெற்று, விஞ்ஞான ஆசிரியராய் இருந்தவர் அவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியன் இலக்கணம் கூறும் இருபத்தைந்து அடிகளை எடுத்துக்கொண்டு, அதன் விரிவாகவே யாழ் நூலை இயற்றினார். உருவத்தை மட்டும் தேடியிருந்தால் அவர் தச்சரிடம் போயிருப்பார். அவர் தேடியதோ நரம்பின் ஒலி. நரம்பைப் பாதியாக்கினால் இரட்டித்த சுரமும், மூன்றில் இரண்டாக்கினால் ஐந்தாம் நரம்பாகிய கிளையும், நான்கில் மூன்றாக்கினால் நான்காம் நரம்பாகிய நட்பும் பிறக்கும். இது இளங்கோவடிகள் காலத்திலும் இன்றும் மாறாத கணக்கு. இக்கணக்கைப் பிடித்துக்கொண்டே பாலைகள் திரிவதையும் பண்கள் பிறப்பதையும் அவர் வகுத்துக் காட்டினார். நம் வாவியில் எழும் இன்னொலியைப் பாடிய நீரரமகளிர் பாடலும் அந்நூலில் உண்டு. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அந்நூல், 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. புதிதாகச் செய்த யாழ்கள் ஊர்வலத்தில் எடுத்துவரப்பட்டன. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகளார் மறைந்தார்.

யாழ் ஏன் மறைந்தது? சேக்கிழார் கூறும் கதையொன்றிற் காரணம் மறைந்திருக்கிறது எனலாம். திருத்தருமபுரத்திலே சம்பந்தர் பாடிய பதிகத்தைத் தம் யாழில் அடக்க முடியாது தவித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், யாழை உடைக்கவே ஓங்கினார், சம்பந்தர் தடுத்தருளினார். பக்தர்க்கு அது அற்புதம். சரித்திர மாணவனுக்கு அதனுள் இன்னொன்றும் தெரிகிறது: குரல் வளைந்தும் குழைந்தும் செல்லத் தொடங்கிய காலத்தில், ஒரு நரம்புக்கு ஒரு சுரம் உடைய கருவி பின்தங்கியது. செலோவின் முன் காம்பா தோற்றது ஒலிக் குறைவால். வீணையின் முன் யாழ் தோற்றது கமகக் குறைவால்.

அதன்பின் பெயரும் வழக்கொழிந்தது. தாவீது சவுலின் முன் வாசித்த கருவியைத் தமிழில் எழுத நேர்ந்தபோது, பழைய வேதாகம மொழிபெயர்ப்பாளர் சுரமண்டலம் என்றே எழுதினர். யாழ் என்று எழுதினால் வாசிப்பவனுக்கு விளங்காது என்று எண்ணினர் போலும். 1995இல் வந்த திருவிவிலியத்திலோ தாவீது மீட்டுவது யாழ். அரை நூற்றாண்டுக்குள் சொல் திரும்பி வந்துவிட்டது. கருவி வந்ததா? கலைவிழா அழைப்பிதழ்களில் யாழ் என்று நாம் அச்சிடும் படம் பல வேளைகளில் கிரேக்கர் மீட்டிய லயராகவே இருக்கிறது!

கல்லடியில் இன்று அடிகளார் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் ஒன்று நடைபெறுகிறது. இசை பயிலும் மாணவர் நிறையப் பேர் அங்கே உளர். பேரியாழின் இருபத்தொரு நரம்புக்குப் போகுமுன் அவர்கள் செய்து பார்க்கத்தக்க யாழ் ஒன்று பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. குழலூதிச் சலித்த இடையன், உள்ளே துளையுடைய குமிழங் கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டிக் குறிஞ்சிப் பண் வாசிக்கிறான். அதுவே வில்யாழ், அடிகளாரும் ஆராய்ந்தது. குமிழ் நம் காடுகளில் உண்டு. மரல் நம் பற்றைகளில் தானே முளைக்கிறது. தாவர நூலார் அதற்கு இலங்கையின் பெயரையே சூட்டியிருக்கின்றனர். ஒரு பிற்பகற் பொழுதும், கூரிய கத்தி ஒன்றும் போதும்.