மறைத்து வைத்த பிறப்பு: நடிகை மேர்ல் ஓபரன்

வேடம் புனைதல் நடிகரின் தொழில். அரங்கின் திரை விழுந்ததும் அவ்வேடம் கலைந்துபோதல் வழக்கம். ஆனால், ஒப்பனை அறையை விட்டு நீங்கிய பின்னரும் வேடத்தைக் களையமுடியாது, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் காலம் அதைச் சுமந்தே வாழ்ந்து மறைந்தவர் ஒருவர் உண்டு. அவரே, பிரித்தானியத் திரைப்பட உலகம் 1930களில் தோற்றுவித்த தலைசிறந்த நடிகையருள் ஒருவரான மேர்ல் ஓபரன். அவருடைய கதை நம் நாட்டையும் தொட்டுச் செல்வதாகும்.

1911ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 19ஆந் திகதி பம்பாயில் அவர் பிறந்தார். எஸ்ரெல் மேர்ல் ஓபிறையன் தொம்சன் என்பது இயற்பெயர். வீட்டில் வழங்கிய செல்லப் பெயர் குவீனி. தந்தையார் இந்திய இரயில்வேயிற் பணியாற்றிய ஆங்கிலேயர். அவர் முதலாம் உலகப் போர்க் காலத்தில் இறந்துபோனார். குழந்தையைத் தன் மகளென வளர்த்தவர் சாளொற் செல்பி என்னும் மாது. இவர் இலங்கையைச் சேர்ந்தவர். யூரேசியர் என அந்நாளில் அழைக்கப்பெற்ற கலப்பினத்தவர்.

1917ஆம் ஆண்டளவில் தாயும் மகளும் கல்கத்தாவிற் குடியேறினர். புகழ் பெற்ற லா மார்ட்டினியர் பள்ளியில் உதவிப் பணத்துடன் கற்கும் வாய்ப்புக் குவீனிக்குக் கிடைத்தது. ஆயினும் கலப்பினத்தவள் என்ற ஏளனம் அங்கே அவளை விடாது தொடர்ந்தது. அதனைப் பொறுக்கமாட்டாத சிறுமி பள்ளியை விட்டு நீங்கினாள். ஆங்கிலேயர் ஆட்சியின் கீழிருந்த இந்தியாவிலே யூரேசியரின் நிலை இத்தகையதே. ஆள்வோர் அவர்களைத் தம்மவரென ஏற்றிலர். ஆளப்படுவோரும் தம்மவரென எண்ணினாரல்லர். வளர்ந்தபின் குவீனி தொலைபேசி நிலையத்தில் இணைப்பாளராகப் பணிபுரிந்தாள். ஓய்வு வேளைகளில் தொழில்முறை சாரா நாடக மன்றத்தில் நடித்தாள். படமாளிகைகளிலே கனவு வளர்த்தாள்.

அக்காலத்தில் அவளை விரும்பிய முன்னாள் நடிகர் ஒருவர், தாயாரின் கருநிறத்தைக் கண்டதும் மனம் மாறி விலகிக்கொண்டார் என்பர். ஆயினும் பிரான்சு நாட்டின் நீஸ் நகரிற் படம் எடுத்துக்கொண்டிருந்த நெறியாளர் றெக்ஸ் இன்கிறாமுக்கு அவர் அவளை அறிமுகப்படுத்தினார். இருபது வயது நிரம்புமுன் அவள் தாயுடன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினாள். நீஸ் நகரிலும் பின்னர் இலண்டனிலும் சிறுசிறு வேடங்களே கிடைத்தன. கேளிக்கை விடுதியிலே விருந்தினரை உபசரிக்கும் வேலையும் பார்க்க நேர்ந்தது.

அந்நிலையிலேதான் ஹங்கேரியிலிருந்து வந்து இலண்டனிற் படநிறுவனம் அமைத்திருந்த அலெக்சாண்டர் கோர்டாவின் பார்வை அவர்மீது பட்டது. 1933ஆம் ஆண்டு வெளிவந்த ‘எட்டாம் ஹென்றியின் அந்தரங்க வாழ்க்கை’ என்னும் படத்தில், கொலைக்களம் செல்லும் அரசி ஆன் போலினாக அவர் தோன்றினார். திரையில் அவர் நின்ற நேரம் மிகக் குறுகியது. ஆயினும் அம்முகத்தைக் கண்டோர் மறந்திலர். அடுத்த ஆண்டு லெஸ்லி ஹவார்டுடன் ‘த ஸ்காலற் பிம்பர்னல்’ படத்தில் நடித்துப் பெரும் புகழ் எய்தினார்.

புகழ் வந்ததும் பிறப்பைப் பற்றிய வினாவும் உடன்வந்தது. விடை ஆயத்தமாக இருந்தது. மேர்ல் ஓபரன் அவுஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவிலே பிறந்த வெள்ளையர் மகள் என்று விளம்பரம் செய்யப்பட்டது. இலண்டனுக்கும் ஹொலிவுட்டுக்கும் எட்டாத தொலைவிலுள்ள தீவு அது. அங்கே சென்று விசாரிப்பார் எவருமிலர். பிறப்புப் பதிவுகள் தீயில் அழிந்தன என்ற விளக்கமும் பின்னாளிற் கூறப்பட்டது.

இப்பொய்யை ஒரு பெண்ணின் பகட்டு என்று ஒதுக்கிவிடுதல் நியாயமாகாது. அக்கால அமெரிக்காவின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1917ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசிய நிலப்பரப்பிலிருந்து மக்கள் குடியேறுவதைத் தடுத்திருந்தது. 1934 முதல் இறுக்கமாக அமுல் செய்யப்பட்ட திரைப்பட ஒழுக்கக் கோவை, வெள்ளையரும் கறுப்பினத்தவரும் காதல் கொள்வதைத் திரையிற் காட்டலாகாது என விலக்கியது. அதன் நிழல் ஆசிய இனத்து நடிகர்மீதும் விழுந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் கதாநாயகி வேடம் அவருக்குக் கிட்டியிராது.

1935ஆம் ஆண்டில் வெளிவந்த ‘த டார்க் ஏஞ்சல்’ என்ற படத்துக்காக, சிறந்த நடிகைக்குரிய ஒஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. ஆசியக் குருதி உடைய பெண்ணொருத்தி அப்பரிசுக்கு முன்மொழியப்பட்டது அதுவே முதன்முறை; அவையோர் எவரும் அதனை அறிந்திலர். 2023ஆம் ஆண்டு மிஷேல் யோ அப்பரிசை வென்றபோதுதான் இப்பழைய செய்தி மீண்டும் உலகோரால் நினைவு கூரப்பட்டது.

1937ஆம் ஆண்டு அவர் வாழ்விலே துயர் மிக்கது. ‘ஐ, குளோடியஸ்’ படப்பிடிப்பின்போது நேர்ந்த மோட்டார் விபத்தில் அவர் முகம் காயமுற்றது. அப்படமும் முற்றுப்பெறாது கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே சாளொற் செல்பி காலமானார். மகளுடன் ஒரே வீட்டில் வாழ்ந்த அம்மூதாட்டி, விருந்தினர் வரும் வேளைகளிற் பணிப்பெண் என்றே அறிமுகஞ் செய்யப்பட்டார் என்பர். பழைய புகைப்படம் ஒன்றைக்கொண்டு தாயின் உருவத்தைப் பின்னாளில் ஓவியமாக எழுதுவித்த மேர்ல், அதிலே மேனியின் நிறத்தை வெளுப்பாக்கித் தீட்டச் செய்தார் என்றுங் கூறுவர். தாயைச் சுவரிலே வைத்துப் போற்றவும் நிறத்தை மாற்றவேண்டியிருந்தது.

1939ஆம் ஆண்டு வில்லியம் வைலரின் நெறியாள்கையில் ‘வதறிங் ஹைற்ஸ்’ வெளிவந்தது. கதாநாயகி கதியாக மேர்லும், ஹீத்கிளிப்பாக லோறன்ஸ் ஒலிவியரும் நடித்தனர். எமிலி புறொன்ரியின் நாவலில் ஹீத்கிளிப் கருநிறத்தவன், குலம் தெரியாதவன், அதனாலேயே இழிவுபடுத்தப்படுபவன். அவ்வேடத்தை ஏற்றவர் ஆங்கிலேயர். அவனை மணக்கத் தயங்கும் வெள்ளைப் பெண்ணாக நின்றவரோ பம்பாயிற் பிறந்த யூரேசியப் பெண்.

அதே ஆண்டில் அவர் கோர்டாவை மணந்தார். 1942இல் கோர்டாவுக்கு ‘சேர்’ பட்டம் கிடைத்தபோது, கல்கத்தாத் தொலைபேசி நிலையத்துக் குவீனி ‘லேடி கோர்டா’ ஆனார். 1945இல் அம்மணம் முறிந்தது. அடுத்து அவர் மணந்த ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், விபத்தின் வடுக்கள் திரையில் தெரியாதவாறு கமராவின் அருகே பொருத்தும் விளக்கொன்றை முன்னரே அமைத்திருந்தார். அவ்விளக்கு ‘ஓபி’ என்று அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

1978ஆம் ஆண்டு தாஸ்மேனியாவின் தலைநகரான ஹோபார்ட், தன் ‘புதல்விக்கு’ வரவேற்பளித்தது. பொய்யாகச் சொந்தங் கொண்டாடிய ஊர் மெய்யாகவே மாலையிட அழைத்தபோது, அவரால் அதனை ஏற்க இயலவில்லை. உடல்நலமில்லை என்று கூறி விலகிக்கொண்டார். மறு ஆண்டு, நவம்பர் 23ஆந் திகதி கலிபோர்னியாவிலே உயிர் நீத்தார். 1983இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்று நூலே அவருடைய இந்தியப் பிறப்பை உலகுக்கு உணர்த்தியது.

கதை இத்துடன் முடிந்ததன்று. பம்பாயிற் பின்னர் கண்டெடுக்கப்பட்ட பிறப்புச் சான்று வேறோர் உண்மையையும் கூறிற்று. மேர்லைப் பெற்றவர் சாளொற் அல்லர். சாளொற்றின் மகளான கொன்ஸ்ரன்ஸ் என்னும் சிறு பிராயத்தினளே ஆவாள். தமக்கை என்று மேர்ல் கருதிய பெண்ணே தாய். தாய் என்று கருதிய மூதாட்டி பாட்டி. பேர்த்தியின் மானங் காக்கப் பாட்டி தன் உறவை மறைத்தார். தன் வாழ்வு காக்கப் பேர்த்தி அப்பாட்டியையே மறைத்தார்.

திரையில் மேர்ல் ஓபரன் ஏற்ற வேடங்கள் பல. அவற்றுட் கடினமானது அவராக விரும்பி ஏற்றதன்று; நிறத்தைக் கொண்டு மனிதரை நிறுத்தளந்த ஓர் உலகம் அவர்மீது சுமத்தியது. அவர் சொன்ன பொய்க்காக அவரைக் குறைகூறுவோர், அப்பொய்யைக் கேட்டுக்கொண்டே கதவு திறந்த உலகையும் எண்ணிப் பார்த்தல் தகும்.