விடுதலைப் பிரகடனம் (அமெரிக்க ஐக்கிய நாடுகள், 1863)

விடுதலைப் பிரகடனம் என்பது, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) ஒன்றியத்திலிருந்து பிரிந்த தென் மாநிலங்களில் அடிமைப்பட்டிருந்தோர் விடுதலை பெற்றவர்கள் என்று அறிவித்து, குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் 1863 சனவரி 1ஆம் நாள் கையொப்பமிட்ட அரசாணையாகும். படைகளின் தலைமைத் தளபதி என்ற முறையில் பிறப்பித்த போர்க்கால ஆணை ஆதலின் அது கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஒன்றியத்திலேயே நிலைத்த கென்டக்கி முதலிய எல்லை மாநிலங்கள் அதில் அடங்கவில்லை. ஆயினும் அது எவரையும் விடுவிக்கவில்லை என்ற கூற்று ஏற்கத்தக்கதன்று; ஒன்றியப் படையின் வசமிருந்தும் விலக்குப் பெறாத தென் கரோலினாக் கடல்தீவுகளில் ஆயிரக்கணக்கானோர் அன்றே உரிமை பெற்றனர்.

1862 சூலையில் லிங்கன் வரைவை அமைச்சரவையில் படித்தபோது, தோல்விகளுக்கிடையே வெளியிட்டால் கையறு நிலையின் குரலாகத் தோன்றும் என வெளியுறவுச் செயலர் சீவர்டு கூறியதால், ஒன்றியத்துக்குச் சாதகமாக முடிந்த ஆண்டீட்டம் போருக்குப் பின்னரே, செப்டம்பர் 22இல், முன்னறிவிப்புப் பிரகடனம் வெளிவந்தது. லிங்கன் கைப்பட எழுதிய அதன் படி, போர்வீரர் நலநிதிக்காக 1864இல் ஆல்பனி நகரில் குலுக்கலில் விடப்பட்டு, அடிமை ஒழிப்பாளர் கெரிட் சுமித்துக்குக் கிடைத்தது. மறு ஆண்டு நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் அதை வாங்கியது. அம்மாநில நூலகத்தின் பெரும்பகுதியை அழித்த 1911ஆம் ஆண்டுத் தீயிலும் அது தப்பியது. இறுதிப் பிரகடனத்தின் கையெழுத்து வரைவுக்கு அந்த நல்வாய்ப்பு அமையவில்லை. சிகாகோவில் 3,000 டாலருக்கு விலைபோன அது, 1871ஆம் ஆண்டுப் பெருந்தீயில் எரிந்துபோக, முன்பே எடுத்த நகல்களே எஞ்சின.

ஆகவே இன்றுள்ள மூல ஆவணம், வெளியுறவுத் துறை எழுத்தர் ஒருவர் அழகுற எழுதி, லிங்கனும் சீவர்டும் கையொப்பமிட்ட ஐந்து பக்கப் படியாகும். 1863 சனவரி 1 அன்று காலை வந்த படியின் முடிப்பு வாசகத்தில் பிழை இருந்ததால் லிங்கன் அதைத் திருப்பியனுப்பினார். திருத்திய படியில் பிற்பகலில், புத்தாண்டு வரவேற்பில் மணிக்கணக்கில் கைகுலுக்கி மரத்துப்போன கையால், முழுப்பெயரையும் எழுதினார். சிவப்பு, நீல நாடாக்களால் கட்டி, நாட்டின் முத்திரை பதித்த அப்பக்கங்கள் பின்னர்ப் பிற பிரகடனங்களோடு ஒரே தொகுதியாகக் கட்டடம் செய்யப்பட்டன. அதற்காக ஒட்டிய கனத்த தாளின் மேல்மூலையில், பிற்காலத்தில் இடப்பட்ட 95 என்ற வரிசை எண் சிவப்பு மையில் காணப்படுகிறது. 1864இல் பிலடெல்பியாக் கண்காட்சிக்காக அச்சிட்டு லிங்கனும் சீவர்டும் கையொப்பமிட்ட 48 படிகளும் உண்டு. தலா 10 டாலருக்கு விற்கப்பட்ட இவற்றை மூலத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

பிரகடனத்தின் வழியே கறுப்பின மக்கள் படையில் சேர்க்கப்பட, போர் முடிவதற்குள் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் பணியாற்றினர். நாடு முழுவதற்குமான அடிமை ஒழிப்பை 1865 டிசம்பரில் நிறைவேறிய 13ஆம் அரசமைப்புத் திருத்தமே சட்டமாக்கியது. மூல ஆவணம் 1936 முதல் வாசிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. ஒளி பட்டு மை மங்குமென்பதால், நெடுங்காலமாக ஆண்டில் சில நாட்களே பார்வைக்கு வைக்கப்பட்டு வந்தது.