குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமா? உறக்கக் கோளாறைக் கண்டறியும் முறை

குறட்டை விடுபவர் ஆழ்ந்து உறங்குகிறார் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், உரத்த குறட்டை திடீரென நின்று, சற்று நேரத்தில் திணறலுடன் மீண்டும் தொடங்கினால், அது ‘ஸ்லீப் ஆப்னியா’ எனப்படும் உறக்க மூச்சுத்தடையின் அறிகுறியாக இருக்கலாம்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். மூச்சு 10 விநாடிகளோ அதற்கு மேலோ நின்று, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறைகிறது. மூளை சட்டென விழிப்புற்று மூச்சை மீட்கிறது. காலையில் இது நோயாளியின் நினைவில் இருப்பதில்லை. தலைவலி, பகல்நேர உறக்கம், மறதி, எரிச்சல் ஆகியவற்றையே அவர் உணர்கிறார். எனவே, உடன் உறங்குபவர் கண்டதை மருத்துவரிடம் தெரிவிப்பது முக்கியம்.

பகல்நேர உறக்கத்தை மதிப்பிட, 8 கேள்விகள் கொண்ட ‘எப்வொர்த்’ அளவுகோல் பயன்படுகிறது. மொத்தம் 24 மதிப்பெண்களில் 10-க்கு மேல் வந்தால் மருத்துவ ஆலோசனை தேவை.

எனினும், நோயை உறுதி செய்வது உறக்க ஆய்வே. ‘பாலிசோம்னோகிராஃபி’ எனப்படும் இந்த ஆய்வில் மூளை அலைகள், கண் அசைவு, இதயத் துடிப்பு, மூச்சோட்டம், ஆக்சிஜன் அளவு ஆகியவை இரவு முழுவதும் பதிவு செய்யப்படுகின்றன. மூச்சு நிற்பதோ குறைவதோ மணிக்கு 5 முறைக்கு மேல் எனில் லேசான பாதிப்பு. 15-க்கு மேல் மிதமானது. 30-க்கு மேல் தீவிரமானது.

காரணம் அறியாமல் தூக்க மாத்திரை உட்கொள்வது ஆபத்தானது; சில மாத்திரைகள் மூச்சுத்தடையை மேலும் மோசமாக்கக்கூடும். வாகனம் ஓட்டும்போது கண் அயர்பவர்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.