பெட்டியில் அச்சிட்ட எண்ணும் அரைமணி நேர ஆட்டமும்: கிராஃபிக்ஸ் கார்டின் கடிகார வேகத்தில் வெப்பத்தின் பங்கு

கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: சிப்பின் வெப்பம் உச்ச வரம்பைத் தொடாதவரை வேகம் குறையாது. வரம்பு 83 டிகிரி என்றால், 75 டிகிரியில் ஓடும் கார்டைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பார்கள். கார்டு கெடாது என்ற அளவில் அது சரிதான். வேகத்தைப் பொறுத்தவரை அது தவறு. வேகத்தை ஒற்றை எண்ணாக அச்சிட்டு விற்கும் வழக்கமே அந்தத் தவறை வளர்க்கிறது என்பது என் வாதம்.

2012 மார்ச்சுக்கு முன்பு வந்த என்விடியா கார்டுகள் கேம் ஓடும்போது பெரும்பாலும் ஒரே வேகத்தில் ஓடின. அந்த மாதம் வந்த ஜிடிஎக்ஸ் 680 அதை மாற்றியது. அதன் அடிப்படை வேகம் 1006 மெகாஹெர்ட்ஸ். மின்சாரத்தில் மிச்சம் இருந்தால் ஜிபியு பூஸ்ட் என்ற ஏற்பாடு அதைத் தானாகவே மேலே ஏற்றும். 2013 பிப்ரவரியில் டைட்டன் கார்டுடன் வந்த இரண்டாம் பதிப்பு வெப்பத்தையும் கணக்கில் சேர்த்து 80 டிகிரியை இலக்காக வைத்தது. அன்று முதல் வேகம் என்பது வெப்பத்தைப் பொறுத்து மாறும் அளவாகிவிட்டது. பெட்டியில் அச்சிடும் முறை மட்டும் மாறவில்லை.

2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 ஃபவுண்டர்ஸ் எடிஷனை எடுத்துக்கொள்வோம். அடிப்படை வேகம் 1607, பூஸ்ட் வேகம் 1733 மெகாஹெர்ட்ஸ். கேமைத் தொடங்கிய முதல் நிமிடத்தில் திரையின் மூலையில் ஓடும் எண்களைப் பார்த்தால் 1800ஐத் தாண்டிய வேகம் தெரியும். சிப் அப்போது இன்னும் சூடாகவில்லை. பிறகு வெப்பம் ஏற ஏற, வேகம் ஏறக்குறைய 13 மெகாஹெர்ட்ஸ் கொண்ட படிகளாக இறங்குகிறது. ஒரு படி, கொஞ்ச நேரம் நிதானம், அடுத்த படி. 83 டிகிரிக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கும்போதே இந்த இறக்கம் தொடங்கிவிடுகிறது. இதைப் பழுது என்று நினைத்துக் கார்டைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பழுது அல்ல, வடிவமைப்பே அப்படித்தான்.

ஏன் அப்படி? சூடான சிலிக்கானில் எலக்ட்ரான்களின் நகர்வு மந்தமாகிறது. செம்புக் கம்பியின் மின்தடை டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும் என்பது நாம் அறிந்ததே. சிப்பினுள் ஓடும் நுண்ணிய செம்பு இணைப்புகளுக்கும் அந்தப் போக்கு உண்டு. ஆகவே அதே மின்னழுத்தத்தில் சூடான சிப் பிழையில்லாமல் ஓட, வேகத்தைச் சற்றுக் குறைத்தாக வேண்டும். இதைவிட முக்கியமானது மின்கசிவு. அணைந்திருக்க வேண்டிய டிரான்சிஸ்டர்கள் வழியாகவும் மின்சாரம் கசிகிறது. வெப்பம் கூடினால் கசிவு வேகமாகப் பெருகுகிறது. 1080க்கு அனுமதித்த மின்சாரம் 180 வாட். கசிவுக்குப் போகும் ஒவ்வொரு வாட்டும் உண்மையான கணக்கீட்டுக்குக் கிடைக்காத வாட். மின்வரம்பு காரணமாக வேகம் குறைந்தது என்று மென்பொருள் காட்டும் இடத்திலும் வெப்பத்தின் கை இருக்கிறது. வெப்பத்தையும் மின்வரம்பையும் தனித்தனிக் காரணங்களாகப் பிரித்துப் பேசுவதை நான் ஏற்காதது இதனால்தான்.

ஏஎம்டியின் ஆர்9 290எக்ஸ் இதைவிட அழுத்தமான சான்று. 2013 அக்டோபரில் வந்த அந்தக் கார்டுக்கு '1000 மெகாஹெர்ட்ஸ் வரை' என்று மட்டுமே சொல்லப்பட்டது. அடிப்படை வேகம் அறிவிக்கப்படவில்லை. 95 டிகிரியில் நின்று ஓடும்படி வடிவமைத்திருந்தார்கள். இரைச்சலைக் குறைக்கும் 'அமைதி' இயக்கமுறையில் ஃபேன் 40 சதவீதத்தைத் தாண்டாது. எனவே 95ஐத் தொட்டதும் குறைய வேண்டியது வேகம்தான், அது கணிசமாகவே குறைந்தது. ஃபேனின் வேகத்தைச் சதவீதத்தில் கட்டுப்படுத்தியதால், ஒரே 40 சதவீதம் வெவ்வேறு கார்டுகளில் வெவ்வேறு சுழற்சியாக அமைந்தது. ஒரே பெயர், ஒரே விலை, ஆனால் ஆட்டத்தில் வெவ்வேறு வேகம். அந்த நவம்பரில் சுழற்சி எண்ணிக்கையையே அளவுகோலாக்கும் டிரைவரை வெளியிட்டு ஏஎம்டி அதைச் சீர்செய்தது. ஃபேனின் சுழற்சி மாறினாலே கார்டின் வேகம் மாறும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 1850இல் ஐந்து படி இறங்கினால் இழப்பு 65 மெகாஹெர்ட்ஸ், அதாவது மூன்றரை சதவீதம். கண்ணுக்கே தெரியாது என்பார்கள். ஆட்டக்காரரின் கண்ணுக்குத் தெரியாது, உண்மை. ஆனால் இரண்டு கார்டுகளில் எது சிறந்தது என்று மதிப்புரைகள் தீர்ப்புச் சொல்வது பல வேளைகளில் இதே அளவு வித்தியாசத்தை வைத்துத்தான். திறந்த மேசையில், குளிரூட்டிய அறையில், இரண்டு நிமிடம் ஓட்டி எடுத்த அளவு வெப்பம் இன்னும் ஏறுமுகத்தில் இருக்கும் கார்டைக் காட்டுகிறதே தவிர, சமநிலைக்கு வந்த கார்டைக் காட்டுவதில்லை.

அறை வெப்பத்தையும் விட்டுவிடக் கூடாது. ஃபேனும் மின்நுகர்வும் மாறாதிருந்தால், அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி சிப்பும் கூடும். 22 டிகிரி அறையில் 70இல் நிற்கும் கார்டு, சென்னையின் மே மாத மதியத்தில் 35 டிகிரி அறையில் 83ஐ நோக்கிப் போகும். ஃபேன் அதிகமாகச் சுழன்று கொஞ்சம் ஈடுகட்டும், இரைச்சலும் கூடும். ஹீட்சிங்க் இடுக்குகளில் பஞ்சுபோல் தூசி படிந்து, தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்துபோன மூன்று வருடக் கார்டு என்றால் அந்த ஈடும் கிடைக்காது.

ஆகவே வேகத்தை அச்சிடும்போது அறை வெப்பம், ஓடிய நேரம், ஃபேனின் சுழற்சி மூன்றையும் சேர்த்தே அச்சிட வேண்டும். மூடிய கேபினெட்டில், அரைமணி நேரம் கேம் ஓடிய பிறகு எடுத்த எண்ணாக அது இருக்க வேண்டும். வெப்பமான ஊர்களில் விற்கும் பெட்டியில் 35 டிகிரி அறையில் எடுத்த எண்ணும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.