வளையும் வாள்



படிவம் நான்கில் பயிலும் என் முன்னாள் மாணவன் ஒருவனுக்கு, ஐரோப்பியரின் பழங்கால வாட்கலையைக் கற்கும் ஆவல் பிறந்தது. அவன் தாயார் என்னிடம் வந்து, "ஐயா, இவனுக்கு எந்த வாளை வாங்கிக் கொடுக்கலாம்?" என்று கேட்டார். "எஃகு வாள் வேண்டாம் அம்மா, மரவாள் போதும், ஆபத்தில்லை," என்று சற்றும் சிந்திக்காமல் சொல்லிவிட்டேன். மூன்றாம் வாரம் அவன் சுட்டுவிரலில் கட்டுடன் என் முன் நின்றான். வீட்டு முற்றத்தில் நண்பனோடு பயிற்சி செய்தபோது எலும்பில் விரிசல் விழுந்துவிட்டதாம். அந்த அம்மையார் என்னைக் குறையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே என்னை மிகவும் உறுத்தியது. வரலாறு கற்பிக்கும் நான், அறிவுரை கூறுமுன் அக்கலையின் வரலாற்றையாவது படித்திருக்க வேண்டாமா? பின்னர்ப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

இன்று கிடைக்கும் ஐரோப்பிய வாட்கலைச் சுவடிகளுள் மிகப் பழையது, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது; இங்கிலாந்தின் லீட்ஸ் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. பாதிரியார் ஒருவர் தம் மாணவனுக்கு வாளும் சிறுகேடயமும் பயிற்றுவிக்கும் படங்கள் அதில் நிறைந்துள்ளன. இறுதி ஏடுகளில் அம்மாணவனின் இடத்தில் வால்புர்கிஸ் என்னும் பெண் வாளேந்தி நிற்கிறாள்! அந்தப் படங்களில் எவரும் முகக்கவசம் அணிந்திருக்கவில்லை.

இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் நிலை அதுதான். 1570இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் யோவாக்கிம் மேயர் வெளியிட்ட நூலின் படங்களிலும் வீரர்களின் முகம் திறந்தே இருக்கிறது. ஆயின், அவர்கள் கையில் உள்ள நெடுவாளை உற்றுநோக்க வேண்டும். கைப்பிடியருகே அகன்று, பிறகு சட்டென ஒடுங்கி, மெலிந்து நீளும் அலகு, கூர்மையற்ற விளிம்பு. பயிற்சிக்கென்றே செய்யப்பட்ட வாள் அது. இக்காலத்தார் அதனை 'ஃபெடர்' என்கின்றனர். ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்கு இறகு என்றும் சுருள்வில் என்றும் இரு பொருள் உண்டு. மேயரே கத்தி செய்யும் தொழிலாளர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். மேலும், ஜெர்மானியப் பயிற்சிக்கூடங்களில் நெடுவாளால் குத்துவதைத் தவிர்ப்பது வழக்கமாக இருந்தது. ஆக, அக்காலத்தார்க்கு வாளின் வடிவமும் ஆட்டத்தின் விதியுமே முதற்கவசம். அதனால் காயமே படவில்லை என்று எண்ணிவிட வேண்டா. தலையில் இரத்தம் கசியச் செய்தவரே வென்றவர் எனக் கொள்ளும் வழக்கமும் அங்கு இருந்தது.

கம்பி வலையாலான முகமூடி 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டில் பரவியது. லா போயெஸியேர் என்னும் ஆசிரியரே அதனை உருவாக்கியவர் என்பது மரபுவழிச் செய்தி. அதற்கு முன்னர், எதிராளியின் தாக்குதலைத் தடுத்த பின்னரே திருப்பித் தாக்கவேண்டும் என்னும் ஒழுங்கே கண்களைக் காத்தது. முகமூடி வந்தால் மாணவர்கள் கட்டுப்பாட்டை மறப்பர் எனச் சில ஆசான்கள் அதனை வெறுத்தனராம். அவர்கள் கூற்றை முற்றாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

முகமூடியும் எல்லாவற்றையும் தடுக்காது. 1982இல் ரோம் நகரில் நடந்த உலக வாள்வீச்சுப் போட்டியில், 1980 ஒலிம்பிக் வெற்றியாளரான சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவின் முகமூடியை, முறிந்துபோன எதிராளியின் வாள் துளைத்தது. சில நாள்களில் அவர் உயிர் நீத்தார். அதன் பின்னரே முகமூடி, ஆடை, அலகு ஆகிய மூன்றுக்கும் கடுமையான தர விதிகள் வந்தன. ஆடையில் 350 அல்லது 800 நியூட்டன் என்னும் எண்ணைக் காண்கிறோமே, அது துணியைத் துளைக்கும் விசையை எத்துணை தாங்கும் என்பதன் அளவு. அடியின் அதிர்ச்சியைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது.

என் பிழை இங்கேதான் விளங்கியது. மரவாள் வளையாது, குத்தினால் விசை முழுவதும் உடலில் இறங்கும், அடித்தால் விரல் தாங்காது. தொடக்கநிலைப் பயிற்சிக்கு நைலான் வாள் போதும் என்பர். அதற்கும் முகமூடி கட்டாயம். எஃகு ஃபெடர் வாங்குவோர், நுனியைத் தரையில் ஊன்றி மெல்ல அழுத்தினால் அலகு வளைகிறதா, நுனி மடித்தோ தட்டையாக அகற்றியோ செய்யப்பட்டுள்ளதா எனப் பார்க்கவேண்டும். அதன் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. இன்றைய விளையாட்டு முகமூடியோ அரைக்கிலோ வாளின் குத்தைத் தடுக்கவே உருவானது. அதன் பின்புறத்தில் பட்டை மட்டுமே உண்டு. எனவே பின்தலைக்குத் தனிக் காப்பும், தொண்டைக்குக் கழுத்துக் கவசமும் வேண்டும். விரல்களுக்குக் கெட்டியான தகடு பொருத்திய கையுறை வேண்டும். சாதாரணத் தோலுறை எஃகு வாளுக்கு ஆகாது. நல்ல கையுறையின் விலை சில வேளைகளில் வாளின் விலையை நெருங்கிவிடும். பெற்றோர் முகம் சுளிப்பது இந்த இடத்தில்தான்.

மாணவனின் விரல் ஆறிவிட்டது. சென்ற மாதம் அவன் தாயார், கையுறைக்கும் முகமூடிக்கும் அளவெடுக்கும் முறையை என்னிடம் கேட்டறிந்தார். "வாள்?" என்றேன். "அதை அடுத்த ஆண்டு பார்க்கலாம் ஐயா," என்றார். அந்த மரவாள் இப்போது என் வீட்டு அலமாரியின் பின்னால் சாய்ந்து கிடக்கிறது.